ஃபாதரிங்ஹே மண்கோட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில், நீன் ஆற்றின் வடகரையில் இருக்கும் சின்ன ஊர் ஃபாதரிங்ஹே. மொத்தமே நூற்றுச் சொச்சம் பேர்தான் வசிக்கிறார்கள். ஊர்க்கோடியில், ஆற்றை ஒட்டி, புல் மூடிய மண்மேடு ஒன்று இருக்கிறது. மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் பிறந்ததும், ஸ்காட்லாந்து ராணி மேரியின் தலை வெட்டப்பட்டதும் அந்த இடத்தில்தான். இதைப் பற்றி எப்போது பேச்செடுத்தாலும் நண்பர்கள் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கோட்டை என்கிறீர்கள். படத்தில் புல்மேடுதானே தெரிகிறது? அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது?

மண் இருக்கிறது. அதை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

முதலில் கண்ணில் படுவது பெரிய மேடு. சுமார் 7 மீட்டர் உயரம், அடியில் ஏறக்குறைய 70 மீட்டர் அகலம், உச்சியில் 30 மீட்டர். அதை ஒட்டித் தட்டையான ஒரு பெரிய முற்றம். இரண்டையும் சுற்றித் தரை திடீரென்று தாழ்ந்து, மறுபடி எழும். அந்தத் தாழ்வுதான் அகழி. தண்ணீர் வற்றி, விளிம்புகள் மழுங்கி, இப்போது புல் படர்ந்து கிடக்கிறது. தெற்கே ஆறு ஓடுகிறது.

கல் என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. ஆற்றோரமாக, இரும்புக் கம்பி வேலிக்குள், ஒரு சுவரின் துண்டு சரிந்து கிடக்கிறது. அருகில் போய்ப் பாருங்கள். செதுக்கிய முகப்புக் கல் எதுவும் அதில் இல்லை. சுவரின் வயிற்றுக்குள் போட்டு நிரப்பும் கரடுமுரடான கற்களும் சுண்ணாம்புச் சாந்தும்தான். விலைபோகக்கூடிய கல்லையெல்லாம் உரித்து எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கும் ஆகாது என்று விட்டுப்போன மிச்சம் அது. வேலியில் பலகைகள் இருக்கின்றன. ஒன்று ரிச்சர்டின் பிறப்பைச் சொல்கிறது, இன்னொன்று மேரியின் சாவை.

நான் மேட்டின்மேல் ஏறியபோது ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, காற்று காதை அறைந்தது. மேலேயிருந்து ஆற்றின் வளைவும், கல்பாலமும், தேவாலயத்தின் எண்கோணக் கோபுரமும் ஒன்றாகத் தெரியும். இங்கே எதற்குக் கோட்டை கட்டினார்கள் என்று அப்போது யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆற்றைக் கடக்கிறவன் ஒருவன்கூட அந்த உச்சியில் நிற்பவன் கண்ணுக்குத் தப்ப முடியாது.

மண்ணால் கோட்டையா? அது எப்படித் தாங்கும்?

1066இல் நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்த வில்லியமின் ஆட்கள் இங்கிலாந்தில் எண்ணிக்கையில் குறைவு. சுற்றிலும் பகை. கல் வெட்டி, சுமந்து, மதில் எழுப்ப வருடக்கணக்கில் ஆகும். அவர்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. அதனால் ஊர்மக்களைப் பிடித்துவந்து வட்டமாகப் பள்ளம் தோண்ட வைத்தார்கள். தோண்டிய மண்ணை நடுவில் குவித்து, அடுக்கடுக்காக இறுக்கினார்கள். வெளியே அகழி, உள்ளே மேடு: ஒரே உழைப்பில் இரண்டு காவல். மேட்டின் உச்சியில் மரக் கோபுரம். கீழே முற்றத்தில் கூடம், சமையல்கட்டு, குதிரை லாயம். எல்லாவற்றையும் சுற்றி மண்கரையும் மரவேலியும். மேட்டை ‘மாட்’ என்றும் முற்றத்தை ‘பெய்லி’ என்றும் சொல்வார்கள். அந்தப் படையெடுப்பைப் படம் படமாகத் தைத்துச் சொல்லும் பேயோ சித்திரத் துணியில், ஹேஸ்டிங்ஸ் ஊரில் ஆட்கள் மண்வெட்டியோடு இப்படி ஒரு மேட்டை எழுப்பும் காட்சியே தைக்கப்பட்டிருக்கிறது.

தாங்குமா என்று கேட்டீர்கள். மேலே நின்ற மரம் போய்விட்டது, அப்புறம் வந்த கல்லும் போய்விட்டது. முதலில் கொட்டிய மண் 900 ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது. அதைத் தோண்டியவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு எப்போதுமே வருத்தம்.

கட்டியது யார்?

சைமன் டி செயிண்ட் லிஸ் என்ற நார்மன் பிரபு, நார்தாம்ப்டனின் ஏர்ல். காலம் 1100ஐ ஒட்டி. அதற்குமுன் 1086இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில் இந்த ஊர் ஜூடித் சீமாட்டியின் பெயரில் இருக்கிறது. அவர் வில்லியமின் மருமகள் முறை, உடன்பிறந்தாளின் மகள். ஜூடித்தின் கணவர் வால்தியோஃப் ஆங்கிலேயப் பிரபு. கலகத்தில் சம்பந்தப்பட்டதாக 1076இல் அவர் தலையை வெட்டினார்கள். அவர்களுடைய மகள் மாட் என்பவரைத்தான் சைமன் மணந்தார்.

இங்கிலாந்தின் நட்டநடுவில் இருக்கும் கோட்டை ஸ்காட்லாந்து அரசர்கள் கைக்கு எப்படிப் போனது?

கல்யாணம் வழியாக. சைமன் இறந்தபிறகு மாட் 1113இல் மறுமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை ஸ்காட்லாந்து இளவரசர் டேவிட். 1124இல் அவர் முதலாம் டேவிட் மன்னரானார். மனைவியோடு சேர்ந்து ஹன்டிங்டன் ஏர்ல் பட்டமும் நிலங்களும் வந்தன, ஃபாதரிங்ஹேவும் வந்தது. அவருடைய பேரன் டேவிட் இதை வைத்திருந்த காலத்தில், 1212இல், இங்கிலாந்து மன்னர் ஜான் அவர்மேல் சந்தேகப்பட்டுக் கோட்டையை ஒப்படைக்கச் சொன்னார். 1221இல் வில்லியம் டி ஃபோர்ஸ் என்ற கலகக்காரப் பிரபு கொஞ்ச நாள் பிடித்து வைத்திருந்தார். இப்படிக் கைமாறிக் கைமாறி, 14ஆம் நூற்றாண்டில் பெம்ப்ரோக் சீமாட்டி மேரி டி செயிண்ட் போலிடம் வந்தது. கேம்பிரிட்ஜில் பெம்ப்ரோக் கல்லூரியை நிறுவியவர் அவர்தான். 1377இல் அவர் இறந்தார்.

ஸ்காட்லாந்து விஷயத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

யார்க் குடும்பம் எப்போது வந்தது?

அதே 1377இல். மூன்றாம் எட்வர்ட் மன்னர் தன் மகன் லாங்லியின் எட்மண்டுக்குக் கோட்டையைக் கொடுத்தார். பிற்பாடு எட்மண்ட் முதல் யார்க் டியூக் ஆனார். மேட்டின்மேல் இருந்த கோபுரத்தை அவர் புதிதாகக் கட்டினார் என்றும், அதைக் குதிரையின் காலில் மாட்டும் விலங்குப் பூட்டின் வடிவில் அமைத்தார் என்றும் சொல்வார்கள். அந்தப் பூட்டும் ராஜாளியும்தான் யார்க் குடும்பத்தின் சின்னம். கோபுரத்துக்கே ‘ஃபெட்டர்லாக்’, அதாவது விலங்குப் பூட்டு, என்ற பெயர் நிலைத்துவிட்டது.

எட்மண்டின் மூத்த மகன் எட்வர்ட் 1415இல் அஜின்கூர் போரில் செத்தார். உடலை இங்கே கொண்டுவந்து, தானே தொடங்கிவைத்த தேவாலயத்தில் புதைத்தார்கள். அடுத்த டியூக் ரிச்சர்ட், எட்வர்டின் தம்பி மகன். ரோஜாப் போர்கள் என்று படித்திருப்பீர்களே, இங்கிலாந்து அரியணைக்காக நடந்த உள்நாட்டுச் சண்டை, அதில் யார்க் பக்கத்துத் தலைவர். அவர் மனைவி செசிலி நெவில், 1452 அக்டோபர் 2ஆம் தேதி இந்தக் கோட்டையில் ஓர் ஆண்குழந்தையைப் பெற்றார். அந்தக் குழந்தைதான் மூன்றாம் ரிச்சர்ட்.

தகப்பன் ரிச்சர்ட் 1460 டிசம்பர் 30 அன்று வேக்ஃபீல்டில் கொல்லப்பட்டார். தலையை வெட்டி, காகிதக் கிரீடம் சூட்டி, யார்க் நகர வாயிலில் வைத்தார்கள். அப்பனுக்கு நேர்ந்த அவமானத்தை மகன்கள் மறக்கவில்லை. மூத்தவர் எட்வர்ட் அரியணை ஏறி, 1476 ஜூலையில் உடலை, அது புதைந்திருந்த பான்டிஃப்ராக்ட் ஊரிலிருந்து எடுத்து, ஊர் ஊராக ஊர்வலமாக ஃபாதரிங்ஹேவுக்குக் கொண்டுவரச் செய்தார். வழிநெடுகத் துக்கத் தலைவராக வந்தவர் 23 வயது இளைய மகன் ரிச்சர்ட். கல்லறைத் தோட்டத்தின் வாசலில் மன்னர் கருநீலத் துக்க உடையில் நின்று தகப்பனின் பெட்டியை எதிர்கொண்டார். அடக்கம் முடிந்து ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சாப்பாடு. இந்தச் சின்ன ஊரில் அவ்வளவு கூட்டத்துக்கு எங்கே பந்தி போட்டார்கள் என்று, அந்த வயலைப் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பேன்.

மேரி ராணியை ஏன் இங்கே கொண்டுவந்தார்கள்?

மேரி 1568இல் ஸ்காட்லாந்திலிருந்து தப்பி இங்கிலாந்துக்கு வந்தார். அடைக்கலம் கேட்டவரை இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத் காவலில் வைத்தார். ஏறத்தாழ 19 ஆண்டுகள், ஒரு கோட்டையிலிருந்து இன்னொரு கோட்டைக்கு. 1586இல் ஆன்டனி பாபிங்டன் என்ற இளைஞர் எலிசபெத்தைக் கொன்று மேரியை மீட்கத் திட்டமிட்டார். பீர்ப் பீப்பாய்க்குள் ஒளித்துப் போன ரகசியக் கடிதங்களை எலிசபெத்தின் அமைச்சர் வால்சிங்கமின் ஆட்கள் எடுத்துப் படித்துக்கொண்டே இருந்தார்கள். மேரி எழுதிய பதில் அவர் கழுத்துக்கே கயிறானது.

லண்டன் கோபுரத்தில் வைத்து விசாரிக்க எலிசபெத் சம்மதிக்கவில்லை. ஃபாதரிங்ஹே வசதியாக இருந்தது. அரசுக்குச் சொந்தமான கோட்டை, சுற்றிலும் தண்ணீர், தலைநகரிலிருந்து எட்டாத தூரமுமில்லை, கூட்டம் சேரும் நகரமுமில்லை. செப்டம்பர் 25 அன்று மேரி வந்து சேர்ந்தார். அக்டோபர் 14, 15 தேதிகளில் விசாரணை. வாதாட அவருக்கு வக்கீல் இல்லை. மூட்டுவலியால் நொண்டிக்கொண்டே அறைக்குள் வந்தார். அங்கே ஒரு சிம்மாசனம் காலியாக இருந்தது. எலிசபெத்துக்கு என்று போட்டது. எலிசபெத் வரவே இல்லை. அந்த இரண்டு ராணிகளும் வாழ்நாளில் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை.

முன்னால் சொன்ன ஸ்காட்லாந்து விஷயத்துக்கு இப்போது வருகிறேன். மேரி ஹன்டிங்டன் டேவிட்டின் வம்சத்தில் வந்தவர். பாட்டி மார்கரெட் டியூடர் வழியாக யார்க் குடும்பத்தின் வாரிசும்கூட. இந்தக் கோட்டையை ஆண்ட இரண்டு பெரிய குடும்பங்களின் ரத்தமும் அவர் உடம்பில் ஓடியது. அந்நியமான ஒரு சிறை என்று நாம் நினைக்கிற இடம் அவருடைய மூதாதையரின் வீடு.

1587 பிப்ரவரி 8 அன்று என்ன நடந்தது?

முந்தைய நாள் மாலைதான் அவருக்குச் சொன்னார்கள், காலையில் சாவு என்று. இரவு முழுக்கக் கணக்குகளைத் தீர்த்தார், வேலைக்காரர்களுக்கு இருந்ததைப் பங்கிட்டார். அதிகாலை 2 மணிக்கு, பிரான்ஸ் மன்னர் மூன்றாம் ஹென்றிக்குக் கடிதம் எழுதினார். ஹென்றி, மேரியின் இறந்துபோன கணவரின் தம்பி. வேலைக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்துவிடுங்கள் என்று அதில் கேட்டிருக்கிறார். சாகப்போகும் இரவில் இதை நினைத்த ஒரு மனுஷியைப் பற்றி, அரசியலில் அவர் செய்த தவறுகளையெல்லாம் தெரிந்துவைத்திருந்தாலும், எனக்கு மரியாதைதான் வருகிறது.

பெரிய கூடத்தில் கறுப்புத் துணி போர்த்திய மேடை. உயரம் இரண்டடி. சுற்றி நூற்றுக்கணக்கானோர். பீட்டர்பரோ தேவாலயத்தின் டீன், அதாவது தலைமைக் குரு, ரிச்சர்ட் ஃபிளெட்சர் தன் புராட்டஸ்டன்ட் முறைப்படி ஜெபிக்கத் தொடங்க, மேரி தன் கத்தோலிக்க ஜெபத்தை லத்தீனில் உரக்கச் சொன்னார். மேலுடையைக் கழற்றியபோது உள்ளே சிவப்பு ஆடை: வேதத்துக்காக உயிர் கொடுப்பவர்களின் நிறம். பணிப்பெண் ஜேன் கென்னடி கண்ணைக் கட்டினார். முதல் வெட்டு பிசகியது. இரண்டாவது வெட்டுக்கும் முழுதாக விழவில்லை. தலையைத் தூக்கிக் காட்டியபோது தலைமுடி மட்டும் கையோடு வந்தது, அது பொய்முடி. அடியில் நரைத்த குட்டை முடி. வயது 44தான்.

நேரில் பார்த்த ஒருவர் எழுதிய குறிப்பில் இன்னொன்று இருக்கிறது. ராணியின் பாவாடைக்குள் அவருடைய சின்ன நாய் ஒளிந்திருந்தது. வெளியே வந்தும் உடலைவிட்டு நகர மறுத்து, தலைக்கும் தோளுக்கும் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டது. தூக்கிக்கொண்டுபோய்க் கழுவினார்கள்.

உடல் இப்போது அங்கே இருக்கிறதா?

இல்லை. ஈயப் பெட்டியில் அடைத்து மாதக்கணக்கில் கோட்டையிலேயே வைத்திருந்தார்கள். ஆகஸ்டு தொடக்கத்தில்தான் பீட்டர்பரோ தேவாலயத்தில் அடக்கம். 1612இல் மகன் ஜேம்ஸ் அங்கிருந்து எடுத்து லண்டன் வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கொண்டுபோனார்.

பீட்டர்பரோவில் இன்னொரு ராணியின் கல்லறையும் இருக்கிறது: எட்டாம் ஹென்றி தள்ளிவைத்த மனைவி, அரகானின் கேத்தரின். அவரையும் ஃபாதரிங்ஹேவுக்கு அனுப்பத்தான் ஹென்றி நினைத்தார். போகவே மாட்டேன் என்று மறுத்துவிட்டார் கேத்தரின். கேத்தரினுக்கும் மேரிக்கும் குழி வெட்டியவர் ஒரே ஆள், ஸ்கார்லெட் என்ற கிழவர். அவர் படம் அந்தத் தேவாலயச் சுவரில் இன்றும் இருக்கிறது.

தாயைக் கொன்ற கோபத்தில் ஜேம்ஸ் மன்னர் கோட்டையைத் தரைமட்டமாக்கினார் என்கிறார்களே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பதில்: இல்லை. கதை கேட்க நன்றாக இருக்கிறது, மகன் பழி வாங்கினான் என்றால் மனசுக்கு ஒரு திருப்தி. ஆனால் தேதிகள் ஒத்துவரவில்லை. ஜேம்ஸ் 1603இல் இங்கிலாந்து மன்னரானார். கோட்டையை இடிக்காமல் ஒரு பிரபுவுக்குக் கொடுத்தார். ஜேம்ஸ் இறந்தது 1625 மார்ச்சில். அதே ஆண்டு எடுத்த ஓர் அளவைக் குறிப்பு, கோட்டை கல்லால் கட்டியது, பலமானது, இரட்டை அகழி உடையது என்கிறது. இழுபாலம் தாண்டியதும் படிக்கட்டு, வடமேற்கு மூலையில் மேட்டின்மேல் ஃபெட்டர்லாக் கோபுரம், அதற்குள் மேலும் கீழுமாக அறைகள், மிகப் பெரிய கூடம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறது. ஜேம்ஸ் இடித்திருந்தால் அந்த வருடம் இதையெல்லாம் யார் பார்த்து எழுதியிருக்க முடியும்?

நடந்தது சாதாரண விஷயம். அதற்கப்புறம் கொஞ்ச வருடங்களில், பராமரிக்க ஆளில்லாத பழைய கட்டடத்தைக் கல்லுக்காகவும் மரத்துக்காகவும் பிரித்து விற்றார்கள். நல்ல கல் எங்கே கிடைத்தாலும் வண்டி கட்டிக்கொண்டு வந்து ஏற்றிப்போகிற காலம் அது. பக்கத்து ஊரான அவுண்டிலில் டால்பட் என்ற பழைய விடுதி இருக்கிறது. அதன் மரப்படிக்கட்டு கோட்டையிலிருந்து வந்தது, மேரி கடைசியாக இறங்கிய படி அதுதான் என்று அங்கே சொல்வார்கள். ஊர்ப்பேச்சு என்ற அளவில் கேட்டுக்கொள்ளலாம்.

மேட்டில் முளைக்கும் முட்செடியை மேரிதான் நட்டாரா?

கோடையில் ஆளுயரம் வளரும், ஊதாப் பூ பூக்கும் முட்செடி அது. முட்செடி ஸ்காட்லாந்தின் சின்னம். அதனால் ‘மேரி ராணியின் கண்ணீர்’ என்று ஊரில் பெயர் வைத்திருக்கிறார்கள். நட்டார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பெயரை மட்டும் நான் விடமாட்டேன், அழகாக இருக்கிறது.

தேவாலயம் ஏன் பாதி வெட்டிய மாதிரி இருக்கிறது?

பாதி வெட்டியதேதான். 1434இல் வில்லியம் ஹார்வுட் என்ற கொத்தனாரோடு போட்ட ஒப்பந்தம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. கூலி 300 பவுண்டு. சொன்ன காலத்துக்குள் முடிக்காவிட்டால் அவரைச் சிறையில் போடலாம், சொத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று நிபந்தனை. அவர் கட்டிய நடுக்கூடமும் கோபுரமும்தான் நிற்கின்றன. பாதிரிமார் பாடும் கிழக்குப் பகுதியை, மதச் சீர்திருத்த காலத்தில் அது தனியார் கைக்குப் போனபிறகு இடித்துவிட்டார்கள். யார்க் டியூக்குகளின் கல்லறைகள் வெட்டவெளியில் கிடந்தன. எலிசபெத் ராணிதான் 1573இல் எலும்புகளை உள்ளே எடுத்துவைத்துப் புதுக் கல்லறைகள் கட்டச் சொன்னார். பீடத்தின் இரு பக்கமும் அவற்றைப் பார்க்கலாம். கோபுர உச்சியில் யார்க் ராஜாளி இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

மேட்டைத் தோண்டிப் பார்த்தால் என்ன?

சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவிடம். அனுமதியில்லாமல் தோண்டுவது மட்டுமல்ல, உலோகங்காட்டும் கருவியைப் பயன்படுத்துவதே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஒரு சின்னக் காசுகூட எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் அதன் கதை இருக்கிறது. பிடுங்கி எடுத்துவிட்டால் கதை போச்சு.

ஆனால் ஒருமுறை இங்கிருந்து மண் போயிருக்கிறது, முறைப்படி. 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகள் கிடைத்தன. 2015 மார்ச் 26 அன்று லெஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்தபோது, அவர் வாழ்ந்த மிடில்ஹாம், உயிர் விட்ட பாஸ்வர்த், பிறந்த ஃபாதரிங்ஹே ஆகிய மூன்று இடங்களின் மண்ணையும் கல்லறையில் சேர்த்தார்கள்.

எப்படிப் போவது?

பீட்டர்பரோ வரை ரயில். அங்கிருந்து 20 கிலோமீட்டருக்குள்தான், காரில் போவது சுலபம். அவுண்டிலிலிருந்து 6 கிலோமீட்டர், நடக்கவே நன்றாக இருக்கும். கட்டணம் இல்லை. தனியார் நிலம் என்பதால் கேட்டைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள், ஆடுகள் வெளியே வந்துவிடும். ஆற்றின் பெயரை இந்தப் பக்கம் ‘நீன்’ என்பார்கள், மேலே நார்தாம்ப்டன் பக்கம் ‘நென்’. மழைக்குப் பிறகு மேடு வழுக்கும். நல்ல செருப்பு போதாது, பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் சாயங்காலம் போங்கள். வெயில் சாய்ந்து விழும்போது அகழியின் குழிவுகளில் நிழல் தேங்கும். நண்பகலில் வெறும் வயலாகத் தெரிந்த இடத்தில் கோட்டையின் வரைபடம் முழுதாகக் கண்ணுக்குத் தெரியும்.